காலையில் மதுரை போய் இரவில் திரும்ப ஒரு ரயில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போடியில் எங்கள் மகளிர் குழுவில் பாதிப்பேர் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர்கள். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போனால், பொழுது சாயும்போதுதான் இறங்குவார்கள். பிள்ளைகளோடு ஒரு நாளாவது முழுதாக இருக்கட்டும் என்று, கோடை விடுமுறையில் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து மதுரை பரவையில் உள்ள அதிசயம் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்வரலாம் என முடிவு செய்தோம். பணம் சேர்ந்துவிட்டது. போகத்தான் வழியில்லை.

மதுரை–போடி ரயில் காலை எட்டு மணிக்கு மேல் மதுரையில் புறப்பட்டு, பத்து மணிக்குப் பிறகு இங்கு வருகிறது. திரும்பிப் போவது மாலை ஆறு மணியை ஒட்டி. மதுரைக்காரர் போடிக்கு வந்து வேலையை முடித்துக்கொண்டு அன்றே வீடு போய்ச் சேரலாம். போடிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. சென்னை ரயில் வாரத்துக்கு மூன்று நாள்தான், அதுவும் இரவில்.

விடுமுறை நாளில் இதுபோன்ற பூங்காவுக்குப் போனால், கதவு திறக்கும்போதே அங்கு நிற்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் ஒவ்வொரு சறுக்கிலும் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். உயரம் போதாத சிறுசுகளைத் தனியே பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆகவே எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சேர்வது முக்கியம். காலை ஆறு மணிக்குப் போடியில் ஒரு ரயில் இருந்தால், எட்டு மணிக்கு மதுரை. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பரவை. பஸ்ஸைவிடச் செலவும் குறைவு. கழிப்பறை இருப்பதால் வயதானவர்களும் தயங்காமல் வருவார்கள்.

இப்போது எங்களுக்கு மிஞ்சுவது வேன். இருக்கைக்கு இருவர், மடியில் பிள்ளைகள், முந்தைய இரவும் வண்டி ஓட்டிய டிரைவர். 2022 அக்டோபர் 5 இரவு, கேரளத்தின் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குச் சுற்றுலா கிளம்பிய பள்ளி மாணவர்களின் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அதை அறிந்த எந்தத் தாய் நிம்மதியாக வேனில் பிள்ளையை ஏற்றுவாள்?

சுற்றுலாவுக்காக ஒரு ரயிலா என்று கேட்கக் கூடாது. கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் விடுமுறை உண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் உயர்நீதிமன்றக் கிளைக்கும் போகிறவர்களுக்கும் தேவைப்படுவது இதே காலை ரயில்தான்.

மதுரை–போடி பாதையை அகலப்பாதையாக மாற்ற 2010 இறுதியில் ரயிலை நிறுத்தினார்கள். மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. 2022 மே மாதம் தேனி வரை வந்த ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடியைத் தொட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்த ஊருக்கு, காலையில் புறப்பட ஒரு வண்டி இல்லை என்பது அநியாயம்.

தெற்கு ரயில்வே, காலையில் போடியிலிருந்தும் இரவு ஏழு மணி வாக்கில் மதுரையிலிருந்தும் ஒரு ரயிலை இயக்க வேண்டும். தினசரி ஓட்டத் தாமதமாகும் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோடை விடுமுறையிலும் முதலில் விடட்டும். தேனி நாடாளுமன்ற உறுப்பினர் இதை ரயில்வே அமைச்சரிடம் நேரில் கேட்க வேண்டும். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வாசகர்களும் கையெழுத்திட்டு மதுரைக் கோட்ட அலுவலகத்துக்கு மனு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
போடிநாயக்கனூர்.