கரண்ட் என்னும் பொய்ப்பெயர்

வாயில் புற்று என்று உறுதியான மறுநாளே வீட்டுத் திண்ணைக்கு அந்தப் பேச்சு வந்துவிடும்: "கரண்ட் வைப்பாங்களாம். வச்சா மூளை கலங்கிப் போயிடும்." சொல்பவர் புற்றுநோயாளி ஒருவரைக்கூடப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் மருத்துவர் சொல்லைவிட அவர் சொல்லுக்குத்தான் எடை. அதை நம்பி நாட்டுமருந்து தேடிப் போகிறவர்கள், கட்டி முற்றி, வாயைத் திறக்க முடியாத நிலையில் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறார்கள்.

கதிர்வீச்சு சிகிச்சைக்குக் 'கரண்ட்' என்ற பெயரே தப்பு. கருவி ஓடுவது மின்சாரத்தில். உடம்புக்குள் போவது வீரியமான எக்ஸ்ரே கதிர். டியூப்லைட்டும் கரண்டில்தான் எரிகிறது. அதன் அடியில் உட்கார்ந்தவருக்கு ஷாக் அடிக்கிறதா? மனநோயாளியின் தலையில் மின்அதிர்ச்சி கொடுக்கும் சினிமாக் காட்சிகள் இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டன என்றே நினைக்கிறேன்.

கன்னம், நாக்கு, குரல்வளைப் புற்றுக்குப் பெரும்பாலும் 60 முதல் 70 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கொடுக்கிறார்கள். நாளுக்கு 2 கிரே, வாரம் 5 நாள், ஆறேழு வாரம். முகத்தின் வடிவத்துக்கே வார்த்த மாஸ்க்கை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டிய பிறகுதான் கதிர் பாயும். குறி நாக்கு என்றால் மூளையின் பெரும்பகுதிக்குச் சேருவது சொற்பம்.

மூளைக்கு எதுவுமே ஆகாது என்று கையை உதறும் மருத்துவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியை ஒட்டி வரும் புற்றுக்குக் கதிர் வைக்கும்போது, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப்பகுதியிலும் கணிசமாக விழலாம். சிலருக்குச் சில வருடங்கள் கழித்து அங்கே திசு பட்டுப்போகிறது. மறதி வருகிறது, வலிப்பு வருகிறது. கழுத்து ரத்தக்குழாய் சுருங்கிப் பக்கவாதம் வருவதும் உண்டு. இதையெல்லாம் முதல் நாளே நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஊர் சொல்கிற 'மூளைக் கலக்க'த்தைப் பல நேரம் தேட வேண்டிய இடம் கழுத்து. அங்கே விழும் கதிரால் தைராய்டு சுரப்பி மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்லச் சோர்ந்துபோகும். பகலெல்லாம் தூக்கம், பேச்சில் மந்தம், வைத்த பொருள் வைத்த இடம் தெரியாது. "அப்பவே சொன்னேனே, கரண்டு!" என்று உறவினர் தீர்ப்பெழுதிவிடுவார். அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவார்கள்? காலையில் வெறும் வயிற்றில் தினம் ஒரு மாத்திரை போட்டால் தெளியக்கூடிய மந்தம், கரண்டின் கணக்கில் எழுதப்பட்டுக் கிடக்கிறது. உயிர் பிழைத்த மனிதர் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்.

கழுத்துக்குக் கதிர் வைத்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தவறினால் வருடத்துக்கு ஒருமுறையாவது தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.