நம்பியைச் சிரித்து ஒதுக்காதீர்கள்

'பொன்னியின் செல்வ'னில் யாரைப் பிடிக்கும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். வந்தியத்தேவன் என்பார்கள். கொஞ்சம் இலக்கியம் பேசுகிறவர் என்றால் நந்தினி. காதலில் தோற்றவர் என்றால் சந்தேகமே வேண்டாம், ஆதித்த கரிகாலன். ஆழ்வார்க்கடியான் நம்பி? "அட, அந்தக் காமெடி ஆசாமிதானே!"

இந்தத் 'தானே'யோடுதான் எனக்குச் சண்டை.

1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த அந்தக் கதையில் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் எத்தனை பேர், எண்ணுங்கள். வீரபாண்டியன் தலையை வெட்டிய கணத்திலிருந்து கரிகாலனுக்கு நிம்மதி இல்லை. அந்தத் தலையை நினைத்தே நந்தினி உயிர் வாழ்கிறாள். செத்துப்போனதாக நம்பும் பெண்ணைக் கண்டு சுந்தர சோழர் படுக்கையில் அலறுகிறார். பெரிய பழுவேட்டரையர் கிழ வயசுக் கல்யாணத்தில் புத்தியை அடகு வைத்துவிட்டார். மதுராந்தகனுக்குச் சிம்மாசனக் கிறுக்கு. பூங்குழலி கடலிடம் புலம்புகிறாள். கந்தமாறனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு மனநல டாக்டருக்கு ஐந்து பாகத்திலும் வேலை இருக்கிறது.

இவர்களுக்கு நடுவே முன்குடுமியும் கைத்தடியுமாக ஒரு குண்டு மனிதன். முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். கடம்பூர் மாளிகை மதிலில் தொற்றிக்கொண்டு சதியைக் கேட்டவன். இலங்கை வரை போய்வருகிறான். நந்தினி அவன் வீட்டில் தங்கையாக வளர்ந்தவள். அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், வழியில் போகிற சைவரை வம்புக்கு இழுக்கிறான்.

"மனசுல எதையும் வச்சுக்காதே, கொட்டிடு" என்று இன்றைக்கு எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். கொட்டாதவன் உள்ளுக்குள் புழுங்கிச் சாவான் என்று நாமும் நம்பிவிட்டோம். நம்பி ஏன் புழுங்கவில்லை?

அவன் மறைப்பது உத்தியோகத்தை, தன்னை அல்ல. வீரநாராயணபுரத்தில் அவன் போடும் சமயச் சண்டை வெறும் வேஷமா? இல்லை சார், அவன் நிஜமாகவே வீர வைஷ்ணவன். அந்தத் தடியோடு மேற்கே எங்கள் பெண்ணாடத்துக்கு வந்திருந்தாலும் அதே சண்டையைத்தான் போட்டிருப்பான். சூல முத்திரையும் இடப முத்திரையும் தோளில் பொறிக்க வேண்டும் என்று அப்பர் கேட்டு வாங்கிய ஊர் இது. பின்னாளில் மெய்கண்டார் பிறந்த ஊர். இங்கே வாயைத் திறந்திருந்தால் குடுமி மிஞ்சியிருக்குமா என்பது வேறு விஷயம்! சொந்த முகத்தையே முகமூடியாக மாட்டிக்கொண்டவனுக்கு அதைக் கழற்ற வேண்டிய அவஸ்தை இல்லை. நந்தினி மறைப்பது தன்னையே. அதனால்தான் எரிகிறாள்.

'சேந்தன் அமுதனும் அமைதியானவன்தானே?' என்பீர்கள். அவனுக்குத் தன் பிறப்பு ரகசியமே தெரியாது. தெரியாதவனின் அமைதி ஒரு ஜாதி. எல்லாம் தெரிந்தவனின் அமைதி வேறு ஜாதி.

'கல்கி'யில் தொடர் முடிந்த அதே 1954-இல்தான் இங்கிலாந்தில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் வெளியானது. அதிலும் ஒரு ஒட்டுக்கேட்பவன் உண்டு: தோட்டக்கார சாம். எஜமான் ஃப்ரோடோ மோதிரத்தின் சுமையில் நொறுங்கும்போது, சமையல் பாத்திரத்தைச் சுமந்தபடி புத்தி தெளிவாகக் கூடவே நடக்கிறான். டோல்கீன் ஒரு கடிதத்தில் அவனைத்தான் முக்கிய நாயகன் என்கிறார். நாம் நம் ஆளுக்கு என்ன செய்தோம்? 2022-லும் 2023-லும் மணிரத்னம் படமாக எடுத்தபோது ஜெயராம் பிரமாதமாக நடித்தார். தியேட்டரில் நாம் சிரித்தோம், அவ்வளவுதான். வெளியே வந்து பேசியதெல்லாம் விக்ரமின் கண்களையும் ஐஸ்வர்யா ராயின் கண்களையும் பற்றி.

காயம் பட்டவனுக்குத்தான் ஆழம் உண்டு என்பது சோம்பேறித்தனமான ரசனை. முறுக்கிக்கொண்டு நிற்பவனை எழுதுவது சுலபம். காலையில் எழுந்து, கொடுத்த வேலையைச் செய்துவிட்டு, யாரையும் வெறுக்காமல் இருப்பவனை ஐந்து பாகத்துக்கு அலுக்காமல் எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம்! அநிருத்தர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் வகையறா உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறார்கள். நம்பி எந்தக் கல்லிலும் இல்லை. கல்கி தன் சொந்தச் சரக்கிலிருந்து செய்த ஆள்.

குந்தவை, வானதி, நந்தினி, அருள்மொழி என்று குழந்தைகளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆழ்வார்க்கடியான் என்று வைத்தால் வருகைப் பதிவேட்டில் இடம் போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனுடைய சொந்தப் பெயர் திருமலை. கூப்பிடவும் சுலபம்.