கவலைப்படுபவரின் ஈமானை எடைபோடாதீர்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தியைக் கேட்ட நம்மவர் பலர், “அல்ஹம்துலில்லாஹ், நம் சமுதாயத்திற்கு இந்தச் சோதனை இல்லை” என்றனர். மதுவை ஹராமாக்கிய மார்க்கத்திற்கு நன்றி செலுத்துவது கடமையே. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு பேச்சை முடித்துக்கொண்டதில் நமக்கு உடன்பாடு இல்லை.

இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். நாள் முழுதும் உழைத்த உடம்பின் வலி தெரியாமல் உறங்கவும், வீட்டுக் கவலையைச் சில மணி நேரம் மறக்கவும் குடித்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! அவர்களைக் கொன்றது ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் நஞ்சு. கல்லீரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்பார்வையையும் பின்னர் உயிரையும் பறிக்கிறது. கல்வராயன் மலையின் மக்களையே குற்றவாளிகளாகப் பேசியவர்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றமோ அம்மலைவாழ் மக்களின் வாழ்நிலை என்ன என்பதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. குடித்தவனைக் கண்டிப்பது எளிது. அவன் ஏன் குடித்தான் என்று கேட்பதே கடினம்.

அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. தைலம் அல்ஹிம்யரீ (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம், தாம் குளிர் மிகுந்த நாட்டில் கடும் வேலை செய்வதாகவும், வேலைக்கும் குளிருக்கும் வலிமை பெறக் கோதுமையில் ஒரு பானம் தயாரிப்பதாகவும் கூறினார்கள். அது போதை தருமா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், அதைத் தவிர்க்குமாறு கட்டளையிட்டார்கள். உழைப்பின் களைப்பு மதுவுக்கு அனுமதிச் சீட்டு ஆகவில்லை. அதில் ஐயமே இல்லை. ஆனால் அந்தத் தோழரால் தம் மக்களின் வருத்தத்தை நபியின் சபையில் கூச்சமின்றி எடுத்துரைக்க முடிந்தது. இன்று நம் சபைகளில் அது முடிகிறதா?

முடிவதில்லை. ஒருவர் வந்து, “இரவில் உறக்கம் இல்லை, நெஞ்சு அடைக்கிறது, வேலையில் மனம் ஒட்டவில்லை” என்றால் அவருக்குக் கிடைக்கும் மறுமொழி என்ன? “தொழுகையில் குறை இருக்கும், பாருங்கள்.” “ஈமான் பலவீனம்.” அதுவும் இல்லையென்றால், “யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள்.” பிறகு தாயத்துக்கென ஊர் ஊராக அலைச்சல், கையிலிருந்த சில ஆயிரமும் போய்விடும். மன அழுத்தத்தோடு வந்தவர் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார். அடுத்த முறை அவர் பள்ளிவாசலுக்கு வந்து சொல்லமாட்டார். வலி மாத்திரையையும் புகையிலைப் பொட்டலத்தையும் தேடிப் போகும் நம் இளைஞர்கள், முதலில் யாரிடம் பேச முயன்று வாயடைக்கப்பட்டார்கள் என்று விசாரித்தவர் உண்டா?

உண்மையான முஸ்லிமுக்குக் கவலையே வராது என்று மேடையில் முழங்குவோரை நாம் கேட்கிறோம்: யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரில் கண்கள் வெளுக்கும்வரை வருந்தியதைக் குர்ஆன் சொல்லவில்லையா? பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதைச் சொல்லவில்லையா? கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டிற்குத் துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் நிலைத்துவிட்டது. இவர்களின் ஈமானை எந்தத் தராசில் வைத்து எடைபோடுவீர்கள்?

நம் மத்ரஸாப் பிள்ளைகள் மனனம் செய்யும் துஆ ஒன்று புகாரியில் உள்ளது. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம் ஆகியவற்றிலிருந்து நபியவர்கள் அதில் பாதுகாவல் தேடுகிறார்கள். அந்த வரிசை அதோடு நின்றுவிடவில்லை. கடனின் சுமையும் மனிதர்களின் ஆதிக்கமும் அதன் இறுதியில் வருகின்றன. பிள்ளைகள் முழுவதும் ஓதுகிறார்கள். பெரியவர்களாகிய நாம் கடைசி இரண்டையும் செவியில் வாங்குவதே இல்லை. வாரத் தவணைக்காரர் தெருமுனையில் வரும்போதே கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளின் வாயைப் பொத்தும் தாயிடம் ஸப்ரைப் பற்றி மட்டும் பயான் செய்வது எவ்வகை நீதி? மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக அரசு 2025இல் தனிச் சட்டமே இயற்றிவிட்டது. நம் ஜமாஅத்துகளோ இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளிகளையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். நாம் அதை ரமளானில் நூறு ரூபாய்த் தாள்களாகவும் சேலைகளாகவும் சிதறடிக்கிறோம். பத்துப் பேருக்கு ஒரு நாள் மகிழ்ச்சி; கடனில் மூழ்கிய ஒருவரையும் அது கரையேற்றுவதில்லை. கைக்கூலிக்காகவும் கல்யாண விருந்துக்காகவும் பெண் வீட்டார் வாங்கும் வட்டிக்கடன் தனிக் கதை. அந்த விருந்தில் பிரியாணி உண்டவர்களே பின்னர் அப்பெண்ணின் தகப்பனாரைத் தவக்குல் இல்லாதவர் என்கிறார்கள்.

“அப்படியானால் தொழுகையும் திக்ரும் போதாதா?” என்று சிலர் கேட்பர். தொழுகையைக் கொண்டு எமக்கு ஆறுதல் தருவீராக என்று பிலால் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறியதை நாம் மறக்கவில்லை. உள்ளங்கள் இறைநினைவால் அமைதியுறும் என்பதில் நமக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. அதே நபியவர்கள்தாம் மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள். வீட்டில் மரணம் நேர்ந்து துயரில் இருப்போருக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள்; அது நெஞ்சுக்கு இதம் தந்து துக்கத்தைக் குறைக்கும் என்று நபியவர்களிடமே கேட்டிருந்தார்கள். கி.பி. 934இல் காலமான அபூ ஸைத் அல்பல்கி, உடலுக்கும் உள்ளத்திற்குமான மருத்துவத்தை ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துயரையும் காரணம் தெரியாமல் வரும் துயரையும் அவர் வேறு பிரித்தார். பின்னதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றார். இவை நம் முன்னோர் விட்டுச்சென்றவை. இவற்றை மறந்துவிட்டு, மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியக்காரப் பட்டம் கட்டுவது எந்த ஸுன்னத்?

முத்தவல்லிகளிடம் நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. இவ்வாண்டு ஸகாத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, மஹல்லாவில் ஒரேயொரு குடும்பத்தின் கடனையாவது முழுமையாக அடையுங்கள். வசூலிப்பவர் வாசலில் நின்று சத்தமிடும்போது நிர்வாகிகள் இருவர் போய் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் நில்லுங்கள். 14416 என்பது அரசின் கட்டணமில்லா மனநல ஆலோசனை எண்; இரவிலும் பகலிலும் தமிழிலேயே பேசலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேரங்களுக்குக் கீழே, பெண்கள் மத்ரஸாவின் சுவரிலும் அதைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். வரும் ஜும்ஆவுக்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.