பொன்மீனுக்கு வேண்டியது அகன்ற நீர், அழகிய கிண்ணமல்ல

நகரக் கடைகளில் வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு பொன்மீன்களை இட்டு விற்கிறார்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள், மறுக்க மனமின்றிப் பெற்றோரும் வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டு கிழமைக்குள் மீன் செத்து மிதக்கிறது. "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லி இன்னொன்றை வாங்குகிறோம். இந்த வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

பொன்மீனின் ஆயுள் இரண்டு கிழமையல்ல. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வரும் கெண்டை இனம் அது. நல்ல பராமரிப்பில் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இங்கிலாந்தில் 1956 இல் களியாட்ட விழாவொன்றில் பரிசாகக் கிடைத்த ஒரு பொன்மீன் 1999 வரை, 43 ஆண்டுகள் உயிரோடிருந்தது.

அப்படியாயின் எமது வீட்டில் ஏன் சாகிறது? தோட்டத்துக்கு யூரியா இடுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மண்ணிலிட்ட யூரியா முதலில் அமோனியாவாகும். பின்னர் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. தொட்டியிலும் இதுவே நடைபெறுகிறது. மீன் செவுளினூடாக அமோனியாவைக் கழிக்கிறது. எஞ்சிய தீனும் அழுகி அமோனியாவாகிறது. புதிய கிண்ணத்தில் அதனை மாற்றும் பற்றீரியாக்கள் இல்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதற்குள் மீன் தன் கழிவிலேயே நஞ்சுண்டு போகிறது. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் போன்ற காரத்தன்மையான நீரில் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமையாகும்.

நெருக்கமான இடத்தில், கெட்ட நீரோடு வாழ்வதென்றால் என்னவென்று முகாம் வாழ்க்கையைக் கண்ட எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே மீனை வாங்குவதற்கு முன்னர் தொட்டியை ஆயத்தம் செய்யுங்கள். ஒரு மீனுக்குக் குறைந்தது 75 லீற்றர் நீர் வேண்டும். மேலதிகமான ஒவ்வொன்றுக்கும் 40 லீற்றர் அளவு சேர்க்க வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குப் பணமில்லையெனில் நிழலில் வைத்த சீமெந்துத் தொட்டி போதும். புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு ஊறுமாதலால், சில கிழமைகள் நீரை நிரப்பி மாற்றிய பின்னரே மீனை விட வேண்டும்.

அகன்ற தொட்டி எம்மவருக்கு இன்னொரு வகையிலும் பொருந்தும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுப் பம்பை மட்டும் நம்பிய நெருக்கமான தொட்டியில், மின்சாரம் நின்றால் மீன் மூச்சுக்குத் திணறும். வெப்பமான நீரில் ஒட்சிசன் குறைவு. நீரின் மேற்பரப்பு அகன்றும் மீன்கள் குறைந்தும் இருந்தால் அந்த ஆபத்துக் குறையும்.

பராமரிப்புப் பெரிய வேலையல்ல. கிழமைக்கொரு தடவை காற்பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீராயின் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய் நீரில் கழுவினால் நல்ல பற்றீரியாக்கள் அழியும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்குமளவு தீனை நாளுக்கு இரண்டு முறை இட்டால் போதும். ஒராண்டா, ரியூகின் போன்ற குண்டு உடல் இனங்களுக்குத் தீனை ஊறவைத்துக் கொடுங்கள்; மிதக்கும் தீனோடு காற்றையும் விழுங்கினால் அவை தலைகீழாக மிதக்கக்கூடும். கண்ணின் கீழ் நீர்ப்பை தொங்கும் இனத்தின் தொட்டியில் கூரிய கற்களை இட வேண்டாம். கழித்த நீரை வீசாதீர்கள். மிளகாய்க்கும் கீரைக்கும் அது நல்ல பசளை.

இன்னும் ஓராண்டுக்குள் வேறிடம் போக வேண்டி வரலாமென்ற நிலையிலுள்ள குடும்பங்கள் இப்போது மீன் வாங்காமலிருப்பதே நல்லது. நிரம்பிய தொட்டியைத் தூக்கிச் செல்ல முடியாது. வளர்க்க முடியாது போனால் குளத்தில் விட்டுவிடவும் கூடாது. அது அங்குள்ள மீன்களுக்கு நோயைக் கொண்டுசெல்லலாம். பெருகினால் குளத்தின் நீரையும் கலக்கிவிடும். வளர்க்கக்கூடிய அயலவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளை கேட்கும்போது மறுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. முதலில் தொட்டியைக் கட்டுவோம், நீர் பழகட்டும், பிறகு மீன் வாங்குவோம் என்று சொல்லுங்கள். நிலத்தைப் பண்படுத்திய பின்பே விதைக்கும் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பொறுமை புதிதாக இராது.