‘யோடா’ என ஒரு வண்டு.. ஒரே தீவில் 103 புது கூன்வண்டுகள்! பெயர் வைக்க ஏன் இந்த அவசரம்?

அரிசி டப்பாவைத் திறந்தால் மூக்கை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வருமே ஒரு குட்டி வண்டு, அது கூன்வண்டு வகை. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அதன் பெரிய உறவுக்காரரான சிவப்பு கூன்வண்டை நல்லாவே தெரியும். இந்தக் கூட்டத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்டவை மட்டுமே 60 ஆயிரம் இனங்களுக்கு மேல்.

அந்தக் கணக்கில் 2019-ல் ஒரே ஆய்வுக் கட்டுரை 103 புது இனங்களைச் சேர்த்தது. எல்லாமே இந்தோனேசியாவின் சுலவேசி தீவைச் சேர்ந்தவை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடலும், இந்தோனேசிய ஆய்வாளர் ராடன் பிரமேசா நரகுசுமோவும் சேர்ந்து செய்த வேலை இது. ‘ட்ரிகோனோப்டெரஸ்’ என்ற இந்தப் பேரினத்தில் சுலவேசியில் இருந்து அதுவரை பதிவானது ஒன்றே ஒன்றுதான். அதுவும் 1885-ல்!

இத்தனை நாளாக கண்ணில் படாமல் இருந்தது எப்படி? பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். மழைக்காட்டில் உதிர்ந்த சருகுக்குள்ளும் இலைகளிலும் வாழும். முக்கியமான விஷயம், இவற்றால் பறக்க முடியாது. ஒரு மலையில் இருப்பது பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவது ரொம்ப கஷ்டம். பல லட்சம் ஆண்டுகள் அப்படியே தனித்துக் கிடந்தால், மலைக்கு மலை வேறு வேறு இனமாகப் பிரிந்துவிடும்.

பார்த்தா ஒண்ணுபோலதானே இருக்கு?

ஆமாம், சிக்கலே அதுதான். அதனால் உடல் அமைப்போடு டிஎன்ஏவையும் பார்த்தார்கள். கடையில் பொருளின் பார்கோடை ஸ்கேன் செய்வது மாதிரி, டிஎன்ஏவின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் படித்து ஒப்பிடும் முறை இது. கூடவே சுருக்கமான விவரிப்பு, தெளிவான படங்கள். பழைய பாணியில் ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் இத்தனை இனங்களை முடிக்க எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

103 பெயருக்கு எங்கே போவது? பச்சை நிறமாக இருந்த ஒன்றுக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் யோடா பெயர். வேறு இரண்டுக்கு காமிக்ஸ் நாயகர்கள் ஆஸ்டெரிக்ஸ், ஒபெலிக்ஸ். டார்வின், வாட்சன், கிரிக் பெயர்களும் உண்டு. ரீடலின் குழு 2013-ல் நியூ கினியா வண்டுகளுக்குப் பெயர் தேடி, பப்புவாவின் டெலிபோன் டைரக்டரியையே புரட்டியது! விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் யோடா பெயர் இல்லையென்றால் இந்த வண்டுச் செய்தியை எத்தனை பேர் கிளிக் செய்திருப்போம்?

அவசரத்துக்குக் காரணம் காடு. சுலவேசியில் விவசாயத்துக்காகவும் நிக்கல் சுரங்கங்களுக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டு வருகின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் மின்சார வாகன பேட்டரிக்கும் நிக்கல் வேண்டும், உலகில் அதை அதிகம் எடுக்கும் நாடு இந்தோனேசியாதான். புலியோ யானையோ என்றால் வேறு காட்டிலும் நாலு மிஞ்சும். ஒரே ஒரு மலையில் மட்டும் வாழும், பறக்கத் தெரியாத வண்டுக்கு அந்தக் காடு போனால் எல்லாமே போச்சு. பெயரே இல்லாத உயிரினம் அழிந்தால் அழிந்தது என்று பதிவு செய்யக்கூட வழியில்லை.

சுலவேசியில் இந்தக் குட்டி வண்டுகளை யாரும் தேடிப் பார்க்காத பகுதிகள் இன்னும் நிறைய இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.