பெரிய மீன் சிக்கினா விட்டுடுங்க! வால்ஐ ஏரிப் பயணம் சொல்லும் கணக்கு

காலை ஐந்தரை மணி. கனடாவின் வடமேற்கு ஒண்டாரியோவில் ஓர் ஏரி. சின்ன அலுமினியப் படகில் தாத்தா, அப்பா, பத்து வயது மகள். சுற்றிலும் பைன் காடு, பாறை, மூடுபனி. ரோடு கிடையாது. போனில் சிக்னலும் கிடையாது. முந்தின நாள் மிதவை விமானம் ஒன்று இவர்களை லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. இனி அது வருவது அடுத்த வாரம்தான்.

மகளின் தூண்டில் வளைகிறது. ஐந்து நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு வலைக்குள் வந்து விழுகிறது ஒரு வால்ஐ மீன். அளவுகோலில் வைத்துப் பார்த்தால் 68 செ.மீ. "இன்னைக்கு மதியம் இதைத்தானே சமைக்கப் போறோம்?" என்கிறாள் மகள். அப்பா அதற்குள் ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். தாத்தா மட்டும் தலையாட்டுகிறார். "போட்டோ எடுத்துக்க. அப்புறம் தண்ணியில விட்டுடு."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பக்கத்து ஏரிகளில் ஏதோ ஒரு படகில் இந்தப் பேச்சு நடக்காமல் இருக்காது. இதில் தாத்தா பக்கம்தான் நியாயம். அதற்குக் காரணம் வெறும் இரக்கம் அல்ல. ஏரியின் கணக்கும் குழந்தையின் உடல்நலமும் இதில் இருக்கின்றன.

வால்ஐ என்ன மீன்?

வட அமெரிக்காவின் நன்னீர் மீன் இது. இதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. பூனையின் கண்போல இருட்டில் மின்னும். அதனால் மங்கிய வெளிச்சத்தில் மற்ற மீன்களைவிட இதற்கு நன்றாகக் கண் தெரியும். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் வேட்டை. தூண்டில்காரர்கள் ஐந்தரை மணிக்கே படகில் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

இன்னொரு காரணம் ருசி. முள் குறைவு, வெள்ளைச் சதை, கவிச்சி வாடை இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1965-லேயே இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அந்த மாநிலத்திலிருந்தும் விஸ்கான்சினிலிருந்தும் குடும்பம் குடும்பமாக எல்லை தாண்டி ஒண்டாரியோவுக்குப் போகிறார்கள். ரெட் லேக், சூ லுக்அவுட் போன்ற சிற்றூர்கள் வரை கார். அதற்கு மேல் பீவர், ஆட்டர் வகை மிதவை விமானங்கள். லாட்ஜில் மரக் கேபின், விறகடுப்பு, ஆளுக்கொரு தூண்டில். மதியம் கரையில் கல் அடுக்கி அடுப்பு மூட்டி, காலையில் பிடித்த மீனை இரும்பு வாணலியில் பொரித்துச் சாப்பிடுவதுதான் பயணத்தின் உச்சம். கூடவே உருளைக்கிழங்கு, பீன்ஸ்.

மூன்று தலைமுறை ஒரே படகில், போன் இல்லாமல் ஒரு வாரம். இப்படிப்பட்ட விடுமுறையை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. கேள்வி ஒன்றுதான்: எந்த மீனைத் தின்பது, எதை விடுவது?

பெரிய மீன் ஏன் முக்கியம்?

வால்ஐ மீன்களில் பெரிதாக வளர்பவை பெரும்பாலும் பெண் மீன்கள். ஆண் மீன் 68 செ.மீ. வரை வளர்வது அபூர்வம். வடக்கு ஏரிகளில் குளிர் அதிகம், கோடை குறுகியது, வளர்ச்சியும் மெதுவாகத்தான் நடக்கும். அப்படிப் பார்த்தால் அந்தப் படகில் கிடந்த மீனுக்கு அதைப் பிடித்த சிறுமியைவிட வயது கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த அளவுள்ள பெண் மீன் ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் லட்சத்தைத் தாண்டும். உடல் பெரிதாகப் பெரிதாக முட்டையும் கூடும்.

சட்டம் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறது. வடமேற்கு ஒண்டாரியோவின் 4-ம் மீன்வள மண்டலத்தில், ஏப்ரல் 15 முதல் மே மாத மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தைய நாள் வரை வால்ஐ பிடிக்கவே கூடாது. அது முட்டையிடும் காலம். சீசன் திறந்த பிறகு, சாதாரண உரிமம் உள்ளவர் 4 மீன் வைத்துக்கொள்ளலாம். கட்டணம் குறைந்த 'பாதுகாப்பு உரிமம்' என்றால் 2. எந்த உரிமமாக இருந்தாலும், 46 செ.மீ.க்கு மேற்பட்ட மீன் ஒன்றே ஒன்றுதான். சில ஏரிகளுக்கு இதைவிடக் கடுமையான தனி விதிகளும் உண்டு.

"அப்போ ஒண்ணு எடுத்துக்கலாம்தானே?" என்று அப்பா கேட்கலாம். சட்டப்படி எடுக்கலாம். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். சின்ன ஏரியில் ஒரு லாட்ஜ். வாரத்துக்கு 20 விருந்தினர், சீசனுக்கு 16 வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் சட்டம் அனுமதித்த அந்த ஒரு பெரிய மீனை எடுத்தால், செப்டம்பருக்குள் 320 முட்டைக்காரிகள் ஏரியில் இருக்க மாட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப ஏரிக்குப் பல வருடங்கள் வேண்டும். யாரும் விதியை மீறியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஏரி மெலிந்துபோகும். சட்டம் சொல்வது அதிகபட்ச எல்லையை மட்டும்தான். 'கட்டாயம் எடுத்தே ஆகணும்' என்று அது சொல்லவில்லை.

தட்டில் வரும் பாதரசம்

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. பக்கத்தில் ஒரு தொழிற்சாலைகூட இல்லாத ஏரியிலும் பாதரசம் உண்டு. நிலக்கரி எரிப்பு போன்றவற்றிலிருந்து காற்றில் கலக்கும் பாதரசம், ஆயிரக்கணக்கான கி.மீ. பயணம் செய்து மழையோடும் பனியோடும் இறங்குகிறது. ஏரிச் சேற்றில் இருக்கும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகிறது. நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து வால்ஐக்கு என்று ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. வால்ஐ மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன். வயதாக வயதாகச் சேமிப்பும் ஏறும். ஆக, படகில் இருப்பதிலேயே பெரிய மீனில்தான் பாதரசமும் அதிகம்.

தோலை உரித்தாலும், கொழுப்பை வெட்டி எறிந்தாலும், எவ்வளவு நேரம் பொரித்தாலும் அது போகாது. காரணம், அது சதையில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளரும் மூளையைத்தான் மெத்தில் பாதரசம் அதிகம் பாதிக்கும். அதனால் ஒண்டாரியோ அரசு வெளியிடும் மீன் உணவு வழிகாட்டியில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று பொதுவானவர்களுக்கு. இன்னொன்று கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும். எந்த ஏரி, எந்த மீன், எவ்வளவு நீளம் என்று பார்த்தால், மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் இலவசம்.

லாட்ஜ் விளம்பரத்தில் பொரித்த மீன் படம் பளிச்சென்று இருக்கும். அந்த அட்டவணை பெரும்பாலும் கண்ணில் படாது. குழந்தைகளோடு வரும் குடும்பங்களைக் கூப்பிடுகிற தொழிலில் இது சரியான பழக்கம் அல்ல. தன் ஏரிக்கான அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்க லாட்ஜுக்கு ஒரு தாள்தான் செலவு.

தகவல் தாமதமானால் என்ன ஆகும்?

இதைக் காட்ட அதே வட்டாரத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. கெனோராவுக்கு வடக்கே, ஆங்கிலம் - வாபிகூன் ஆற்றுப் படுகையில் அனிஷினாபே பழங்குடியினர் வாழும் ஊர் கிராஸி நாரோஸ். 1962 முதல் 1970 வரை, ஆற்றின் மேற்பகுதியில் டிரைடன் நகரில் இருந்த காகித ஆலையின் ரசாயனப் பிரிவு சுமார் 9 டன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. 1970-ல் அங்கே வணிக மீன்பிடிப்புக்குத் தடை வந்தது.

அந்த ஆற்றுப் படுகையில் பால் லேக் லாட்ஜ் என்று புகழ்பெற்ற தூண்டில் விடுதி ஒன்று இருந்தது. விஷயம் தெரிந்ததும் அதன் உரிமையாளர் பார்னி லாம் லாட்ஜை மூடினார். விருந்தினரின் உடல்நலத்தை நினைத்து அவர் எடுத்த முடிவு அது. ஆனால் அங்கே வழிகாட்டிகளாக வேலை பார்த்த கிராஸி நாரோஸ் மக்களுக்கு ஒரே அடியில் வேலையும் போனது, உணவும் போனது. கோடை முழுக்க விருந்தினரோடு கரையில் உட்கார்ந்து வால்ஐ சாப்பிட்டவர்கள் அவர்கள்தான். 1975-ல் ஜப்பானின் மினமாட்டா நோயை ஆராய்ந்த டாக்டர் மசாசுமி ஹரடா அங்கே போய்ச் சோதித்து, அதே நோயின் அறிகுறிகளைக் கண்டார். ஆற்றைச் சுத்தம் செய்ய ஒண்டாரியோ அரசு 8.5 கோடி கனடிய டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது 2017-ல்தான். 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த இழுத்தடிப்பு புதிதாக இருக்காது.

எல்லா ஏரியும் கிராஸி நாரோஸ் அல்ல. காற்று வழியாக வரும் பாதரசத்தையும் ஆலை கொட்டியதையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் எங்கேயும் பொருந்தும். விருந்தினர் சாப்பிடுவது ஒரு வாரம். உள்ளூர்க்காரர் சாப்பிடுவது வருடம் முழுக்க. மீன் குறைந்தாலும் கெட்டாலும் விருந்தினர் வேறு ஏரிக்குப் போவார். உள்ளூர்க்காரருக்கு வேறு ஏரி கிடையாது.

"இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு சும்மா விடறதா?"

நியாயமான கேள்விதான். விமானம், தங்குமிடம், உரிமம் எல்லாம் சேர்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனால் சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 35 முதல் 45 செ.மீ. வரையுள்ள மீன்கள் வாணலிக்குச் சரியாக இருக்கும், ருசியும் அதிகம், பாதரசமும் குறைவு. சுவரில் மாட்ட நினைவுப்பொருள் வேண்டும் என்றால், நீளமும் சுற்றளவும் அளந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும், ஃபைபர்கிளாஸில் அச்சு அசலாகச் செய்து தருகிறார்கள்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு: கொக்கி குத்திய மீனை விட்டால் அது பிழைக்குமா? எல்லாம் பிழைக்காது. அதனால் விடுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முள் இல்லாத கொக்கி, ஈரக் கை, தண்ணீருக்கு வெளியே சில நொடிகள் மட்டும். சுமார் 30 அடிக்குக் கீழே இருந்து மேலே இழுத்தால், அழுத்த மாற்றத்தில் மீனின் காற்றுப்பை ஊதிப்போகும். அந்த மீன் திரும்ப ஆழத்துக்குப் போகத் திணறும். எனவே ஆழத்தில் பிடித்துப் பிடித்து விடுகிற விளையாட்டு வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் போதுமான மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவைப்பதும் இந்த ஒழுங்கில் சேர்ந்ததுதான்.

லாட்ஜ்கள் நினைத்தால் இதைச் சுலபமாக்கலாம். '46 செ.மீ.க்கு மேல் எதுவும் இங்கிருந்து வீட்டுக்குப் போகாது' என்று தாங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். சட்டத்தைவிடக் கடுமையான விதியைத் தாங்களாகவே வைத்திருக்கும் லாட்ஜ்கள் இப்போதும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே குடும்பங்கள் அதைக் கேட்க ஆரம்பித்தால், மற்றவையும் மாறும்.

அந்தப் படகுக்கே திரும்பலாம். மகள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பிறகு தாத்தா காட்டிக்கொடுத்தபடி மீனின் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தண்ணீருக்குள் பிடிப்பாள். செவுள் இரண்டு தடவை திறந்து மூடும். வால் ஒரு அடி அடிக்கும். அவ்வளவுதான், போய்விடும். மதியம் தட்டில் 40 செ.மீ. மீன் இருக்கும், ருசியில் எந்தக் குறையும் இருக்காது. இருபது வருடம் கழித்து அவள் தன் பிள்ளையை அதே ஏரிக்குக் கூட்டிவரும்போது, தூண்டில் வளைய அங்கே மீன் இருக்க வேண்டும்.