மின்நூல் கருவி வாங்கலாமா?

சாந்தோமில் புத்தகங்களுக்கு மூன்று விரோதிகள் உண்டு. முதலாவது, கடற்காற்று. இரண்டாவது, ராமபாணப் பூச்சி. மூன்றாவது, இடநெருக்கடி.

கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டைக்கூட உப்பு ஈரம் விடுவதில்லை. புத்தகத்தைத் தைத்த கம்பி துருப்பிடிக்கிறது. காகிதம் பழுப்பேறுகிறது. பழைய வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்த பிறகு, புத்தக அலமாரிக்குச் சுவரும் கிடைப்பதில்லை.

இப்படிப்பட்ட வீடுகளில் இப்போது ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான புத்தகங்களை ஒரு சிலேட்டுப் பலகைக்குள் அடக்கித் தரும் மின்நூல் கருவியை வாங்கலாமா, வேண்டாமா?

மகன் வாங்கலாம் என்கிறான். தகப்பனார் தயங்குகிறார். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது.

விலை என்ன?

அமெரிக்காவின் அமேசான் கம்பெனி ‘கிண்டில்’ என்ற கருவியை 2007 நவம்பரில் வெளியிட்டது. அன்றைய விலை 399 டாலர். முதல் சரக்கு ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது.

அந்தக் கம்பெனியின் மின்நூல் கடை இந்தியாவுக்கென்று 2012-ல் திறக்கப்பட்டது. தமிழ் வாசகர் மேலும் நாலு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிப் புத்தகங்கள் 2016 டிசம்பரில் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தன.

நடுவில் சில காலம் புதுக் கருவி இந்தியாவில் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2025 ஏப்ரலில் புதிய ‘பேப்பர்ஒயிட்’ கிண்டில் இங்கே விற்பனைக்கு வந்தது. விலை 16,999 ரூபாய்.

இது சின்னத் தொகை அல்ல. ஒரு நாவல் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் நூற்றுக்குப் பத்து கழிவு கிடைக்கும். அந்தக் கணக்கில், கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் 62 நாவல்கள் வாங்கிவிடலாம். கருவியை வாங்கியவர் அதற்குப் பிறகுதான் புத்தகம் வாங்கவே தொடங்க வேண்டும்.

கண்ணுக்கு என்ன லாபம்?

‘கைபேசியிலேயே படிக்கலாமே, இது எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கைபேசித் திரை தானே ஒளியை வீசுகிறது. மின்நூல் கருவியின் திரை அப்படி அல்ல. அதற்குள் தலைமயிரின் கனமே உள்ள மிகச் சிறிய குமிழிகள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு குமிழியிலும் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன. மின்சாரம் பட்டதும் ஏதாவது ஒரு நிறம் மேலே வருகிறது. எழுத்து உருவாகிவிடுகிறது.

ஒருமுறை உருவான எழுத்து அப்படியே நிற்கும். பக்கம் புரட்டும்போதுதான் அதற்கு மின்சாரம் தேவை. அதனால் ஒருமுறை மின்னேற்றினால் பல நாட்களுக்குக் கவலை இல்லை. வெயிலிலும் காகிதத்தைப் போலவே தெளிவாகத் தெரியும். இருட்டில் படிக்கத் தனியாகச் சிறு விளக்கும் உள்ளேயே இருக்கிறது.

வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பொடி எழுத்தைப் பார்த்துப் படிப்பையே விட்டுவிட்ட பெரியவர்கள், இதனால் மறுபடியும் வாசகர்கள் ஆகலாம். எடையும் கால் கிலோவுக்கு உட்பட்டதுதான். ஈஸிசேரில் சாய்ந்தபடி ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம்.

தமிழுக்குப் பஞ்சமா?

‘இங்கிலீஷ் படிப்பவர்களுக்குச் சரி, தமிழில் என்ன இருக்கிறது?’ என்பது அடுத்த கேள்வி. இங்கே தமிழர்கள் பெருமைப்படலாம்.

சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ என்ற பணியைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்தார்கள். சங்க நூல்களும் காப்பியங்களும் இலவசமாகக் கிடைப்பதற்கு அவர்கள் உழைப்பு ஒரு காரணம்.

2013-ல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ்’ குழுவினர், இன்றைய எழுத்தாளர்கள் மனமுவந்து கொடுக்கும் நூல்களைக் கருவிக்கு ஏற்ற வடிவில் இலவசமாக வெளியிடுகிறார்கள். தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய அச்சு நூல்களைப் படமெடுத்துத் தன் மின்நூலகத்தில் வைத்திருக்கிறது.

பாரதியார் பாடல்களை 1949-ல் சர்க்கார் நாட்டுடைமையாக்கியது. அன்று தொடங்கி எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகள் அரசுடைமையாகிவிட்டன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் காலணா செலவில்லாமல் படிக்கலாம். அலமாரியில் ஒரு தட்டையே அடைத்துக்கொள்ளும் நாவல், கருவியில் தூசு அளவு இடத்தையும் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு குறை உண்டு. படமெடுத்து வைத்த பக்கங்கள் சின்னத் திரையில் சரியாகப் படிக்க வராது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். தட்டச்சுச் செய்த நூல்களே இதற்கு ஏற்றவை.

பணம் கொடுத்தால் சொந்தமா?

தகப்பனாரின் தயக்கத்துக்கு வருவோம். ‘நான் வாங்கிய புத்தகம் எனக்குப் பிறகு என் பேரனுக்குப் போகுமா?’ என்று அவர் கேட்கிறார். இந்த விஷயத்தில் இதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை.

கம்பெனிக் கடைகளில் பணம் கொடுத்து எடுக்கும் மின்நூல், பெரும்பாலும் வாங்கியவருக்குச் சொந்தம் ஆவதில்லை. படிக்கும் அனுமதி மட்டுமே அவருக்குக் கிடைக்கிறது. லஸ் முனை நடைபாதைக் கடையில் அதை அரை விலைக்குப் போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுக்கவும் வழி இல்லை.

2009 ஜூலையில் நடந்த சம்பவம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களை, விற்க உரிமை இல்லாத ஒருவர் அமேசான் கடையில் விற்றுவிட்டார். அமேசான் என்ன செய்தது? வாசகர்களின் கருவிகளிலிருந்தே அந்த நாவல்களை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு மாணவன் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகள் பயனற்றுப் போயின. அவன் வழக்குத் தொடர்ந்தான். கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

2019-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் மின்நூல் கடையை மூடியது. அங்கே வாங்கிய புத்தகங்கள் எல்லாம் மறைந்தன. பணம் திரும்பி வந்தது. புத்தகம் வரவில்லை.

அமேசானில் வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி முன்பு இருந்தது. 2025 பிப்ரவரி 26-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

நம் நாட்டு வரிக் கணக்கிலும் இந்தப் பேதம் தெரிகிறது. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மின்நூலைச் சரக்காகக் கருதாமல் சேவையாகக் கருதி வரி போடுகிறார்கள். அச்சுப் பதிப்பும் உள்ள மின்நூலுக்கு அந்த வரியை 2018 ஜூலையில் 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் ஒரு சட்டம் செய்திருக்கிறது. ‘வாங்குங்கள்’ என்று சொல்லி மின்பொருளை விற்பவர், கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதே தெளிவு இங்கேயும் வாசகருக்குக் கிடைக்க வேண்டும்.

ஓலை சொல்லும் பாடம்

சாந்தோமிலிருந்து தெற்கே, பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. ஐயர் ஊர் ஊராக அலைந்து வீடுகளிலிருந்து சுவடிகளைச் சேர்த்தார். 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சிட்டார்.

அந்தச் சுவடிகள் எப்படித் தப்பின? ஓலையைச் செல் அரிக்கும். அரிப்பதற்கு முன் யாரோ ஒருவர் பார்த்துப் புது ஓலையில் எழுதி வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பிரதி எடுக்க முடிந்ததால் தமிழ் பிழைத்தது.

பூட்டுப் போட்ட மின்நூலைப் பிரதி எடுக்க முடியாது. கம்பெனி இருக்கும் வரை நூல் இருக்கும். மதுரைத் திட்டம் போன்றவை தரும் பூட்டில்லாத நூல்களோ, எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடியவை. பழைய ஓலையின் குணம் அவற்றுக்கு இருக்கிறது.

யார் வாங்கலாம்?

கண் மங்கிய பெரியவர் உள்ள வீட்டில் தாராளமாக வாங்கலாம். பழந்தமிழ் நூல்களையும் அரசுடைமையான நாவல்களையும் விரும்பிப் படிப்பவருக்கு, கருவியின் விலையைத் தவிர வேறு செலவு அதிகம் இல்லை. அவரும் வாங்கலாம். மாதத்துக்கு இரண்டு மூன்று புத்தகம் முடிப்பவர், வீட்டில் இடம் இல்லாதவர் ஆகியோருக்கும் உபயோகப்படும்.

பள்ளிப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்காக வாங்க வேண்டாம். படங்களும் அட்டவணைகளும் அதில் சரிப்படாது. வருஷத்துக்கு நாலு புத்தகம் படிப்பவருக்கு நூலகமே போதும்.

வாங்குமுன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ‘கொ’, ‘கெ’ போன்ற எழுத்துக்களில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரும் நூல்களைக் கருவி ஏற்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்காத கருவி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஒருமுறை படித்துவிட்டு வைக்கும் நூல்களைக் கருவியில் படிக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல விரும்பும் நூல்களைக் காகிதத்திலேயே வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டி வைப்பதே புத்திசாலித்தனம்.